கண்ணுள் வினைஞர்

பழந்தமிழ் நாட்டில் ஓவியம் வல்லாரைக் கண்ணுள் வினைஞர் என்று வழங்கினர். காண்பவருடைய கண்ணிலே தம் தொழிலை நிலைநிறுத்துவோர் என்பது அப்பெயருக்கு நச்சினார்க்கினியர் கண்ட பொருள். எழுத்து என்னும் சொல்லும் அந்நாளில் இருபொருள் பயந்தது. ஏட்டில் பொறிக்கும் வரிவடிவமும் எழுத்து, சுவரில் தீட்டும் உருவமும் எழுத்து. திருப்பரங்குன்றத்தில் ஓவியம் தீட்டப்பெற்ற மண்டபம் ஒன்று இருந்ததைப் பரிபாடல் தெரிவிக்கின்றது. குன்றத்துக்குச் சென்றோர் அங்குள்ள உருவங்களைச் சுட்டி இவர் யாவர் என வினவினர். அறிந்தோர், காமனும் இரதியும் இவர் என்றும், பூனை வடிவு கொண்டவன் இந்திரன் என்றும், கல்லாய்க் கிடப்பவள் அகலிகை என்றும் எடுத்துரைத்தனர். படத்தைக் கண் காண, கதையைச் செவி கேட்டது. படமும் சொல்லும் ஒன்றற்கொன்று துணையாய் நின்று கதை கூறும் முறை, ஆதலின், நமக்கு நேற்று வந்த புதுமை அன்று.

திருவாரூர்க் கோயிலின் தேவாசிரிய மண்டபத்து விதானத்தில் முசுகுந்தச் சக்கரவர்த்தியின் வரலாறு நீண்ட பட்டைகளாகத் தீட்டப்பட்டுள்ளது. 17ஆம் நூற்றாண்டைச் சார்ந்த அவ்வோவியங்களின் அடியில் இன்ன காட்சி இது எனத் தமிழில் எழுதியும் வைத்துள்ளனர். அண்ணாந்து நோக்கியவாறே நடந்து செல்வோமாயின் கதை நம்மோடு நடந்து வரும். சிங்காதனம் என்னும் ஓவியர் அங்குத் தம் பெயரையும் பொறித்துச் சென்றார். திருவண்ணாமலைக்கு மேற்கேயுள்ள செங்கத்திலும் வேணுகோபால பார்த்தசாரதி கோயில் மண்டபத்தில் நாயக்கர் காலத்து இராமாயண ஓவியங்கள் உண்டு. அருகிலிருந்தும் அவற்றைச் சென்று கண்டவர் நம்மூரில் மிகச் சிலரே.

கோயில் விதானத்தில் நிகழ்ந்த அத்தொழில் இக்காலத்தில் அச்சுத்தாளுக்கு வந்துவிட்டது. கட்டம் கட்டமாக வரைந்து கதை கூறுவது படக்கதை. ஒரே கட்டத்துள் நாட்டு நடப்பை எடுத்துக்காட்டி இடித்துரைப்பது கருத்துப்படம். மக்களின் நடையுடை பாவனைகளைச் சற்றே மிகுத்துக் காட்டி நகை விளைப்பது கேலிச்சித்திரம். கார்ட்டூன் என்னும் ஆங்கிலப் பெயரால் இவற்றைப் பொதுவாகச் சுட்டுவர். இரமணாசிரமத்தைச் சூழ்ந்த பகுதியில், செங்கம் சாலையருகே குடியிருக்கும் என்னிடம் மாலையில் இலக்கணம் கேட்க வரும் பிள்ளைகளுள் ஒருவன், யாப்பிலக்கணக் குறிப்பேட்டின் ஓரங்களையெல்லாம் படங்களால் நிரப்பி வைத்திருந்தான். அவற்றுள் என் மூக்குக்கண்ணாடியும் ஒன்று. “ஐயா, இவன் படம் போட்டே காலம் தள்ளலாம் என்கிறான். இது சோறு போடுமா?” என்று அவன் தந்தையார் வினவினார். அவ்வினாவை எள்ளி நகையாடுதல் தகாது. ஒரு தொழிலின் அருமையை அறிவது எத்துணை இன்றியமையாததோ, அத்தொழில் தன்னை உடையானை எங்ஙனம் உண்பிக்கும் என்று அறிவதும் அத்துணை இன்றியமையாதது. இப்பாடத்தில் இரண்டையும் காண்போம்.

முதலில் தொழிலின் நுட்பத்தை நம்மூர் வரலாறு ஒன்றைக்கொண்டே ஆராயலாம். 1896ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள், பதினாறு வயதுடைய வேங்கடராமன் என்னும் மாணவன் மதுரையிலிருந்த தன் வீட்டை நீங்கினான். தமையனாரின் கல்லூரிக் கட்டணத்துக்காக அவன் கையில் தரப்பெற்ற ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, எஞ்சிய இரண்டு ரூபாயை ஒரு கடிதத்துடன் வைத்துச் சென்றான். இரயிலில் விழுப்புரம் வந்தான். இடையே நெடுந்தொலைவு நடந்து திருக்கோவலூர்ப் பக்கம் அடைந்தான். கீழூரில் தன் காதுக் கடுக்கன்களை அடகு வைத்து நான்கு ரூபாய் பெற்றான். செப்டம்பர் முதல் நாள் காலையில் திருவண்ணாமலை நிலையத்தில் இறங்கினான். கோயிலை வழிபட்டபின் அய்யங்குளத்துக்குச் சென்று, எஞ்சிய காசை அந்நீரில் எறிந்தான். பிற்காலத்தில் இரமண மகரிஷி என்று உலகம் அறிந்தது இவரையே. அமர் சித்திரக் கதை வரிசையில் இவர் வரலாறும் படக்கதையாக வெளிவந்துள்ளது. அந்நூலை இங்கு ஆராயப் புகுந்தோமல்லோம். இவ்வரலாற்றை நீங்களே இரு பக்கங்களில், பன்னிரண்டு கட்டங்களில் வரைய நேர்ந்தால் யாது செய்வீர்கள் என்பதே நம் வினா.

உரைநடை எழுதுபவன் நான்கு நாட்களையும் விரித்துக் கூறலாம். படக்கதைக்காரனுக்குப் பன்னிரண்டு கணங்களே கிடைக்கும். எனவே எதனை விடுவது என்று துணிதல் அவனுக்கு முதல் வேலை ஆகின்றது. கடிதத்தின் மேல் இரண்டு வெள்ளிக்காசுகள் கிடப்பதை ஒரு கட்டம் முழுதும் வரைந்தால், அவன் போய்விட்டான் என்பதும் பிறர் பொருளை அவாவவில்லை என்பதும் ஒருசேர விளங்கும், வாய்ச்சொல் வேண்டா. அடுத்த கட்டத்தில் இரயில் வண்டி. இவ்விரு கட்டங்களுக்கும் நடுவேயுள்ள வெற்றிடம் விரலளவினது. ஆயினும் வீட்டுக்கும் நிலையத்துக்கும் இடைப்பட்ட வழி முழுதும் அதனுள் அடங்கியுள்ளது. அவ்வழியை ஓவியன் வரையவில்லை; படிப்பவனே தன் மனத்துள் வரைந்து கொள்கிறான். படக்கதையின் உயிர்நிலை இவ்வெற்றிடத்தில் இருக்கின்றது என்று சொல்லலாம்.

கடுக்கனை நோக்குங்கள். கீழூர்க் காட்சி ஏழாம் கட்டத்தில் வருவதாகக் கொள்வோம். முதற்கட்டத்திலிருந்தே சிறுவனின் காதில் கடுக்கன் தெளிவாகத் தெரியுமாறு வரைந்து வரவேண்டும். அங்ஙனம் வரைந்தால், எட்டாம் கட்டத்தில் வெறுங்காதைக் கண்ட மாத்திரத்தில் படிப்பவன் நெஞ்சு துணுக்குறும். முன்னர் வரைய மறந்தவன், ‘ஐயோ, கடுக்கனும் போயிற்றே’ என்று எழுத்தால் புலம்ப வேண்டியவனாவான். ஏழாம் கட்டத்துக்கு வேண்டிய வித்தை முதற்கட்டத்தில் ஊன்றுகிற இம்முன்னோக்கு, காப்பியப் புலவனுக்கும் படக்கதைக்காரனுக்கும் பொது.

மலையை வரைவதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. அண்ணாமலை திசைதோறும் வேறு வேறு வடிவு காட்டும். இரயில் நிலையப் பக்கத்திலிருந்து காணும் தோற்றம் வேறு. ஆசிரமப் பக்கத்திலிருந்து காணும் தோற்றம் வேறு. ஒன்றற்குரிய வடிவை மற்றொன்றில் வரைந்துவிட்டால் சென்னையில் உள்ளார் அறியார். நம்மூரில் பூ விற்கும் மூதாட்டி அறிவாள். ஆசிரமத்தை 1896ஆம் ஆண்டுக் காட்சியில் நுழைப்பதும் அத்தகைய பிழையே. 1922இல் அன்னையார் அழகம்மாள் மறைந்து, மலையடிவாரத்தில் அடக்கம் செய்யப்பட்ட பின்னரே அவ்விடத்தைச் சுற்றி ஆசிரமம் உருவாயிற்று. படம் போடுபவனுக்கு வரலாறு எதற்கு என்று வினவுவார் இதனை ஓர்க.

இனி, சொல்லுக்கு வருவோம். பாத்திரம் பேசும் சொற்களைக் குமிழி போன்ற வளையத்துள் எழுதுவது வழக்கம். தமிழ் இடமிருந்து வலமாகச் செல்லுதலின், முதலில் பேசுபவனுடைய குமிழி இடப்புறம் மேலே அமைதல் வேண்டும். மறந்து வலப்புறம் வைத்தால் விடை முன்னும் வினா பின்னுமாகக் கதை குழம்பும். தமிழ்ச்சொல் விகுதியும் உருபும் ஏற்று நீள்வது. ‘சென்றுகொண்டிருக்கின்றேன்’ என்று எழுதினால் அவ்வொரு சொல்லே குமிழியை அடைத்துக்கொண்டு பேசுபவன் முகத்தையும் மறைத்துவிடும். ‘போகிறேன்’ என்பது போதும். நீண்ட தொடர்களில் வாழ்நாளைக் கழித்த பண்டிதனாகிய யானே இதனைச் சொல்கிறேன்.

வரையும் முறை இது: சிறு தாளில் கட்டங்களின் அமைப்பைக் கிறுக்கலாகப் போட்டுப் பார்ப்பர், பின் தடித்த வெண்தாளில் பென்சிலால் வரைவர், அதன்மேல் தொட்டெழுதும் பேனாவாலோ தூரிகையாலோ கருமை ஏற்றுவர், பென்சில் கோட்டை அழிப்பர். அச்சில் வரவேண்டிய அளவினும் ஒன்றரை மடங்கோ இரு மடங்கோ பெரிதாக வரைவது பெரும்பான்மை. சுருக்கும்போது சிறு நடுக்கங்கள் மறைந்து கோடு இறுகும் என்பது காரணம். முன்னாளில் இக்கோட்டுப் படத்தை ஒளிப்பட முறையால் துத்தநாகத் தகட்டில் ஏற்றி, வெண்மையாக இருக்கவேண்டிய பகுதியை அமிலத்தால் அரித்து, மேடுபட்டு நின்ற கோட்டில் மை தடவி அச்சிட்டனர். அத்தகட்டை அச்சகத்தார் பிளாக் என்பர். கோட்டு பிளாக்குக்குக் கருமையும் வெண்மையும் அன்றி இடைநிறம் தெரியாது. நிழல் காட்ட விரும்பிய ஓவியர் நெருங்கிய கோடுகளாலும் புள்ளிகளாலும் அதனை ஆக்கினர். பழைய இதழ்களில் வேட்டி மடிப்பும் தூணின் நிழலும் மெல்லிய கோடுகளால் அமைந்திருக்கும் அழகு, அச்சுப்பொறியின் குறைபாடு ஈன்ற அழகு. இன்று பலர் கண்ணாடிப் பலகையில் மின்பேனாவால் வரைகின்றனர்; பிழைபட்ட கோட்டை நொடியில் நீக்குகின்றனர். கருவி மாறியது; கையும் கண்ணும் பழக எடுத்துக்கொள்ளும் ஆண்டுகள் குறைந்ததாகத் தெரியவில்லை.

தமிழ் இதழ்களில் இத்தொழில் வேரூன்றிய வரலாறு சுவையுடையது. 1906இல் சென்னையில் தோன்றிய ‘இந்தியா’ வார இதழில் பாரதியார் அரசியல் கருத்துப்படங்களை வெளியிட்டார். தமிழ் இதழியலில் அவ்வகைக்கு அவரே முன்னோடி எனப் போற்றப்படுகிறார். எழுத்தறியாதவனும் படத்தை அறிவான் என்பது அவர் துணிபு. படங்களுக்கென்றே ‘சித்திராவளி’ என ஓர் இதழ் நடத்தவும் அவர் எண்ணினார், அவ்வெண்ணம் கைகூடவில்லை.

1926இல் தொடங்கப்பெற்று 1928இல் எஸ். எஸ். வாசன் கைக்கு வந்த ‘ஆனந்த விகடன்’, ஓவியனுக்குத் திங்கள்தோறும் ஊதியம் நல்கி இருக்கை தந்த இதழ்களுள் தலையாயது. அங்கு மாலி என்னும் பெயரில் வரைந்தவர் மகாலிங்கம். இசைவாணர் பாடும்போது அவர் கையும் முகமும் படும் பாட்டை நாலைந்து கோடுகளில் பிடித்துவிடும் ஆற்றல் அவரிடம் இருந்தது. அவர்பால் அதனினும் பெரிய ஆற்றல் ஒன்று உண்டு. பிறர் கையின் போக்கை அறிந்து, அதற்கேற்ற பணியைப் பகிர்ந்தளித்தார். நாமக்கல்லைச் சார்ந்த சீனிவாசன் என்னும் இளைஞரின் கோடு கோயிற்சிற்பத்துக்கு ஏற்றது எனக் கண்டு, அவருக்குச் சில்பி என்று பெயர் சூட்டினார். அச்சில்பி பின்னர்த் தென்னாட்டுக் கோயில்கள் பலவற்றின் சிற்பங்களைத் தாளில் வடித்தார். தஞ்சையிலிருந்து வந்த கோபாலன் என்பவரைக் கோபுலு ஆக்கியவரும் மாலியே.

கோபுலுவின் வாழ்க்கையைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். நம் வினாவுக்குரிய விடையின் பெரும்பகுதி அதனுள் அடங்கியுள்ளது. அவர் 1924ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் தஞ்சாவூரில் பிறந்தார். கும்பகோணத்து ஓவியப்பள்ளியில் பயின்றார். திருவையாற்றில் தியாகராச சுவாமிகள் பூசித்த இராமர் பட்டாபிடேகப் படத்தை நேரில் கண்டு வரைந்து தருமாறு 1941இல் மாலி அவரைப் பணித்தார். இருக்கும் இடத்திலிருந்தே கற்பனையால் வரைந்துவிடலாகாதோ எனில், ஆகாது என்பதே மாலியின் பள்ளி. இளைஞர் சென்று, கண்டு, வரைந்தார். அப்படம் தீபாவளி மலரில் இடம்பெற்றது. 1945 முதல் அவர் விகடனின் முழுநேர ஓவியர்.

வாரந்தோறும் இதழ் வெளிவரும். தலைவலி என்றோ மனம் கூடவில்லை என்றோ அச்சகம் காத்திராது. தொடர்கதைக்குப் படம், துணுக்குக்குப் படம், அட்டைக்குப் படம் எனப் பணி வந்துகொண்டே இருக்கும். கொத்தமங்கலம் சுப்புவின் தில்லானா மோகனாம்பாள் தொடர்கதைக்கு அவர் வரைந்த படங்களில் நாகசுர வித்துவானும் ஆடல் நங்கையும் உருப்பெற்றனர். 1968இல் அக்கதை திரைப்படமாவதற்கு முன்னரே வாசகர் அவர்களை முகமறிந்து பழகியிருந்தனர். சாவி எழுதிய வாஷிங்டனில் திருமணம் என்னும் நகைச்சுவைத் தொடரில் தஞ்சை மாவட்டத்துச் சம்பந்திகளையும் சாத்திரிகளையும் அமெரிக்க நகரத்து வீதியில் நடக்கவிட்டார். பிறந்த மண்ணின் மாந்தரை நன்கு கண்டிருந்தமையால் அவர்களை எங்குக் கொண்டுபோய் நிறுத்தினும் அவர்கள் தஞ்சைக்காரராகவே நின்றனர்.

தேவன் என்னும் புனைபெயரில் எழுதிய மகாதேவன் படைத்த துப்பறியும் சாம்பு, அறிவு மட்டாக உள்ளவன். ஆனால் அவன் தடுக்கி விழும் இடமெல்லாம் திருடன் அகப்படுவான். தேவன் 1957இல் மறைந்தபின், கோபுலு அக்கதைகளைக் கட்டம் கட்டமாகப் படக்கதை ஆக்கினார். நகைச்சுவைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பியம் வகுத்துள்ளது. சாம்பு பிந்திய இரண்டற்கும் இலக்கியம் எனலாம். பேதையைப் பேதை என்று எழுதிக்காட்டுவது எளிது, வரைந்துகாட்டுவது அரிது. விழிகளின் இடைவெளியும் கழுத்தின் சாய்வும் சிறிது மிகுந்தால் அருவருப்பாகும்; சிறிது குறைந்தால் நகை தோன்றாது.

கோபுலுவின் வேறொரு வகைப் படங்களைக் குறித்தே எனக்கு மிக்க வியப்பு. அவற்றில் சொல்லே இராது. கட்டங்கள் சில, அவற்றுள் ஒரு சிறு நிகழ்ச்சி, கடைக் கட்டத்தில் சிரிப்பு. இரண்டாம் முறை நோக்கினால் முன்னர்க் காணாத ஒரு நாயோ, வாய்பிளந்து நிற்கும் சிறுவனோ மூலையில் தென்படுவான். சொல்லையே தொழிலாகக் கொண்ட எம்போல்வார்க்கு, சொல்லை முற்றும் நீக்கிப் பொருளை நிறுத்தும் இச்செயல் சற்று நாணத்தையும் தருவதுண்டு.

இத்துணைப் புகழ் வாய்ந்தவர் 1960களில் விகடன் பணியை விட்டு விளம்பரத் தொழிலுக்குச் சென்றார். சோப்பும் தேயிலையும் விற்பதற்குப் படம் போடுவதா எனச் சிலர் முகம் சுளிக்கலாம், யான் சுளியேன். விளம்பரம் கொடுப்போர் இதழினும் மிகுதியாக ஊதியம் அளிக்க வல்லவர். கோடு அங்கும் அதே கோடுதான். கோபுலு 1972இல் ஆட்வேவ் என்னும் விளம்பர நிறுவனத்தைத் தாமே நிறுவினார். இதழ்களுக்கு வரைவதையும் அவர் அடியோடு விட்டாரல்லர்; விளம்பரம் இல்லத்தைக் காக்க, தமக்கு உவப்பான படங்களையும் தொடர்ந்து வரைந்தார். முதுமையில் பக்கவாதத்தால் வலக்கை இயங்காது போயிற்று. அறுபதாண்டு பழகிய கை அது. அவர் இடக்கையால் வரையக் கற்றுக்கொண்டு தொடர்ந்தார். 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள், தம் 91ஆம் அகவையில், சென்னையில் மறைந்தார்.

கோபுலு ஒருவர் வழியே வழி என்று கொள்ளற்க. அதே 1924இல் பிறந்தவர் கே. சி. சிவசங்கரன். சென்னை ஓவியப்பள்ளியில் தேவி பிரசாத் ராய் சௌதுரியின் கீழ்ப் பயின்றவர். 1947இல் தொடங்கிய ‘அம்புலிமாமா’வில் 1950களின் தொடக்கத்தில் சேர்ந்து, அரை நூற்றாண்டுக்கு மேல் அங்கேயே பணியாற்றினார். உருவிய வாளும் தோளில் பிணமுமாகச் சுடுகாட்டில் நடக்கும் விக்கிரமாதித்தன் படம் அவருடையது. பல மொழிகளில் வெளிவந்த அவ்விதழால் அப்படத்தைக் காணாத இந்தியக் குழந்தை அரிது. 2020இல் அவர் மறைந்தார். மறு ஆண்டில் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பெற்றது. அதனைக் காண அவர் இல்லை. நாளிதழ் வழியும் ஒன்றுண்டு. தினத்தந்தியில் 1960இல் தொடங்கிய கன்னித்தீவு என்னும் படக்கதை நாளுக்குச் சில கட்டங்களாக அரை நூற்றாண்டையும் கடந்து ஓடியது. முடிவு காணாத வழக்கையும் கட்டி முடியாத வீட்டையும் கன்னித்தீவு என்று மக்கள் கேலி பேசும் அளவுக்கு அப்பெயர் வழக்காறாயிற்று. சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸும், 1984இல் லயன் காமிக்ஸும் புறப்பட்டு, அயல்நாட்டுப் படக்கதைகளைத் தமிழில் பேசவைத்தன. இரும்புக்கை மாயாவி என்னும் பெயரை உங்கள் பாட்டனாரிடம் சொல்லிப் பாருங்கள்.

மைசூரில் 1921இல் பிறந்த ஆர். கே. லட்சுமண் பம்பாய் ஜே. ஜே. ஓவியப்பள்ளியில் சேர விண்ணப்பித்தபோது, போதிய திறன் காணப்படவில்லை என்று அப்பள்ளியார் மறுத்துவிட்டனர். அவர் பட்டப்படிப்பை மேற்கொண்டு, இதழ்களுக்கு வரைந்து பழகி, 1947இல் டைம்ஸ் ஆப் இந்தியாவில் சேர்ந்தார். 1951இல் தொடங்கிய அவருடைய நாள்தோறும் வரும் சிறு படத்தில், கட்டம் போட்ட சட்டையும் வேட்டியும் அணிந்த பொதுமகன் ஒருவன் வாய் திறவாமல் நாட்டைப் பார்த்து நின்றான். அரசியல் தலைவர் அப்படத்தைக் காலையில் முதற்கண் புரட்டினர். பள்ளி மறுத்த கைக்கு நாடு இடம் தந்தது. எனினும் இதனைக் கொண்டு பயிற்சி வேண்டா என்று துணிதல் பேதைமை. கோபுலு பயின்ற கும்பகோணத்துப் பள்ளி இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக விளங்குகிறது. 1850இல் தோன்றிய சென்னைப் பள்ளியும் கல்லூரியாக நடைபெறுகின்றது. மேல்நிலைக் கல்வி முடித்தோர் அங்குச் சேர்ந்து பயிலலாம்.

இதழில் மாத ஊதியம் பெறும் இருக்கைகள் இப்போது குறைந்துவிட்டன என்பதை மறைத்தல் ஆகாது. அம்புலிமாமாவும் 2013இல் நின்றுபோயிற்று. பாடநூல், விளம்பரம், அசைபடம், கணினி விளையாட்டு ஆகியவற்றுக்கு வரைந்தே இன்றைய இளைஞருள் மிகப்பலர் ஈட்டுகின்றனர். ஒரு முதலாளியிடம் ஊதியம் பெற்ற நிலை மாறிப் பலரிடம் சிறிது சிறிதாகப் பெறும் நிலை வந்துள்ளது. இந்நிலையில் ஓவியன் அறியவேண்டிய கல்வி இன்னும் ஒன்று உண்டு. தான் வரைந்த படம் யாருக்கு உரியது என்பதே அது.

அமெரிக்க நாட்டுக் கிளீவ்லாந்து நகரத்தில் ஜெரி சீகல், ஜோ ஷுஸ்டர் என இளைஞர் இருவர் இருந்தனர். முன்னவர் கதை புனைந்தார், பின்னவர் வரைந்தார். தாம் படைத்த சூப்பர்மேன் என்னும் வீரனின் உரிமை முழுவதையும் 1938இல் 130 டாலர் பெற்றுக்கொண்டு ஒரு பதிப்பகத்துக்கு எழுதிக்கொடுத்தனர். அன்று அவர்கட்கு அது பெருந்தொகையாகத் தோன்றியிருக்கும். அவ்வீரன் இதழிலும் வானொலியிலும் திரையிலும் பறந்து கோடிகளை ஈட்டினான். படைத்தவர் இருவரும் வழக்காடித் தோற்று வறுமையுற்றனர். அவர்தம் பெயரும் பல்லாண்டு படத்தினின்று நீக்கப்பட்டிருந்தது. 1975இல் ஓவியர் பலர் அவர்க்காகக் குரல் எழுப்பிய பின்னரே, ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் வழங்கவும் பெயரை மீண்டும் பொறிக்கவும் நிறுவனத்தார் இசைந்தனர். அதற்குள் ஷுஸ்டருக்குக் கண்பார்வை பெரிதும் மங்கியிருந்தது.

நம் நாட்டில் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இதனை வகுத்துரைக்கின்றது. இதழ் நிறுவனத்தில் ஊதியம் பெற்றுப் பணிபுரிவோன் அப்பணியின்கண் வரைந்த படத்தை இதழில் வெளியிடும் உரிமை இதழுடையாரைச் சாரும்; வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, ஏனைய உரிமைகள் வரைந்தவனையே சாரும். உரிமை அவன் வாழ்நாள் முழுதும் நின்று, மறைந்தபின்னும் 60 ஆண்டு அவன் வழியினர்க்குப் பயன்படும். உரிமையை விற்றுவிட்டாலும், இஃது என் கை வரைந்தது என்று கூறும் உரிமை அவனைவிட்டு நீங்காது. திருவாரூர் விதானத்தில் சிங்காதனம் தாமே எடுத்துக்கொண்ட உரிமையை இன்று சட்டம் அனைவர்க்கும் தருகின்றது.

பிறருக்கு உரிமையை மாற்றித் தருவது எழுத்தில் அமைந்து, தருபவன் கையொப்பம் பெற்றிருத்தல் வேண்டும். எந்தப் படம், எந்த உரிமை, எத்தனை ஆண்டு, எந்நாட்டு எல்லை, என்ன ஊதியம் என்பன அதில் தெளிவாக இருத்தல் வேண்டும். எல்லை குறிக்கப்படாவிடின் இந்திய நாட்டளவே செல்லும். காலம் குறிக்கப்படாவிடின் ஐந்தாண்டு என்றே சட்டம் கொள்ளும். அதன்பின் அவ்வுரிமை வரைந்தவனிடம் மீளும். அவன் அப்படத்தை வேறோர் இதழுக்கோ நூலுக்கோ தந்து, மீண்டும் ஒருமுறை ஊதியம் பெறலாம்.